கௌரி சொன்னாள், நான் எழுதினேன்

பார்வையில்லாத பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக்கொடுக்கும் நம் வேலையில், பரீட்சைக்காரரைவிடக் குறைவாகப் படித்திருப்பதுதான் தகுதி. பி.யூ.சி.யோடு நின்ற எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் ஹாலுக்குள் நுழைந்ததும் பரீட்சை நமக்குத்தான் என்று தோன்றிவிடுமே, அது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு வைத்த பரீட்சை

கௌரிக்கு பி.ஏ.வில் பாக்கி ஆங்கிலப் பேப்பர் ஒன்றுதான். போன தடவை எழுதிக்கொடுக்கப் போன அம்மாள், இவள் சொன்னதையெல்லாம் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிட்டாராம், ஃபெயில். இந்தத் தடவையும் போனால், கிடைத்திருக்கிற வேலையும் போய்விடும். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கே வந்து, ஒரு பக்கம் சொல்லி எழுதவைத்து, திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பயப்படாதேம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"அவர் பார்த்துக்கட்டும் ஆன்ட்டி. நீங்க நான் சொல்றதை மட்டும் எழுதுங்க."

கோதுமைக்காரர் வீட்டுச் சண்டை

பாடம் ஒரு பழைய அமெரிக்க நாவல். கோதுமை விளைவிக்கிற அப்பா, பட்டணம் போகத் துடிக்கிற மகன். இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. நடுவில் அம்மா. மகன் வருத்தப்பட்டான் என்று அப்பாவிடம் சொல்வாள். அப்பா மனம் இளகிவிட்டார் என்று மகனிடம் சொல்வாள். இரண்டும் பொய். ஒருநாள் அவர்கள் நேருக்கு நேர் பேச, குட்டு உடைந்து, மகன் ஒரேயடியாகப் போய்விடுகிறான். கௌரி இந்தக் கதையைச் சொன்னபோது, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய எனக்கு அந்த அம்மாமேல்தான் மனசு போனது. அவள் வேறு என்னதான் செய்வாள், பாவம் என்றேன்.

"பாவம் பார்த்தா மார்க் போடமாட்டாங்க ஆன்ட்டி."

நின்ற பேனா

பரீட்சையில் அந்த நாவலிலிருந்தே கேள்வி வந்தது: அப்பாவுக்கும் மகனுக்கும் விரிசல் ஏன்? நிதானமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்த கௌரி, சண்டைக்கு மூலகாரணம் அம்மாதான் என்றாள். என் கை நின்றுவிட்டது. 'அப்பா' என்று மாற்றினால் யாருக்குத் தெரியும்? காவலுக்கு நின்ற மேடம், ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். இயேசுவே என்றேன் உள்ளுக்குள். கௌரி என் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"பேனா சத்தம் கேக்கல. அம்மாதான் காரணம், எழுதுங்க."

சிவாஜிநகர் பஸ்ஸில்

அப்படியே எழுதிவிட்டேன். ஆனாலும் திரும்பும்போது மனசு ஆறவில்லை. அந்த அம்மா அவ்வளவு கெட்டவளா என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நல்லவங்கதான் ஆன்ட்டி. அதனாலதான் ரெண்டு பேரும் நம்பிட்டாங்க."

கௌரி பாஸாகி வேலைக்கும் போய்விட்டாள். நான்தான் இன்னும் தினசரி ஜெபத்தில், பிள்ளைகள் பேரெல்லாம் சொல்லி முடித்தபின், அந்தக் கோதுமைக்காரர் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.