மேசையை நகர்த்தினால் முன்னாடியே சொல்லணும்

என் கொழுந்தனார் சலவை நிலையத்தில் மடிப்பு வேலை பார்க்கிறார். தலை நரைத்துவிட்டது. வயிற்றில் தராத பிள்ளையைக் கடவுள் எனக்குக் கையில் பிடித்துக் கொடுத்தார் என்றே நினைத்துக்கொள்வேன்.

அதிகம் பேசமாட்டார். இரைச்சல் ஆகாது. விரிப்பின் ஓரம் ஒரு நூல் விலகினாலும் உதறிவிட்டு முதலிலிருந்து மடிப்பார். லீவு நாளில்கூட சாப்பாட்டுப் பையோடு சலவை நிலைய வாசலில் போய் நிற்பார். அந்த வேலைதான் அவருக்கு உயிர்.

புதிதாக வந்த மேலாளர் நல்ல மனசுக்காரர். புழுக்கத்தில் நிற்கிறாரே பாவம் என்று, எல்லோரும் போன பிறகு இவருடைய மேசையை ஜன்னலோரம் மாற்றி வைத்துவிட்டார். காலையில் போன மனுஷன், மேசை இருந்த வெறும் இடத்தில் விரிப்பும் கையுமாக நின்றிருக்கிறார். யாரோ கையைப் பிடித்து இழுக்க, காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரே அலறல். என்னைக் கூப்பிட்டார்கள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. குணமானதும் அனுப்புங்க" என்றார் மேலாளர்.

குணமானதும் என்றால் இனி வேலையே இல்லை என்றுதானே ஆகிறது.

"இது காய்ச்சல் இல்லைங்க சார், இறங்கிப் போறதுக்கு. ஆட்டிசம். மூளை வளர்ந்த விதமே அப்படின்னு டாக்டரம்மா சொன்னாங்க. கடைசி வரைக்கும் கூடவே இருக்கும்."

"அது குழந்தைங்களுக்குல்ல?"

"அந்தக் குழந்தைங்க வளர மாட்டாங்களா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நான் என்ன செய்யணும்?"

"எதை மாத்துறதா இருந்தாலும் முதல் நாளே சொல்லிடுங்க. மேசையை அவரும் சேர்ந்து தூக்கட்டும்."

மேசை அப்போதைக்குப் பழைய இடத்துக்கே வந்தது. அவர் வேலையும் போகாமல் தப்பியது. 'நாளைக்கு ஜன்னலோரம்' என்று சொல்லிவைத்து, மறுநாள் மேலாளரும் அவருமாகத் தூக்கினார்கள். வைத்த பிறகு கொழுந்தனார் குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று பலமுறை நகர்த்த வைத்தாராம். "என்னையே வேலை வாங்குறாரும்மா" என்றார் மேலாளர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

இப்போது அவர் எதையும் இவரிடம் சொல்லாமல் செய்வதில்லை. நேற்று சாப்பிடும்போது கொழுந்தனார் சொன்னார்:

"அண்ணி, நாளைக்கு சார் மீசையை எடுக்கப் போறாரு."

"அதை எதுக்குத் தம்பி உங்ககிட்ட சொன்னாரு?"

"நாளைக்குக் காலையில நான் பார்ப்பேன்ல."