நாலாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

என் மனைவி மேற்படிப்புக்குப் போனபோது எனக்கு வயிறு எரிந்தது. இதை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெபக்கூட்டத்தில் எழும்பி நின்று எத்தனையோ பாவங்களை அறிக்கை செய்திருக்கிறேன்: கோபம், சோம்பல், ஒருமுறை சிகரெட். இதை மட்டும் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில் தமிழர் என்றால் பெரும்பாலும் சைவர்கள்தான். கிறிஸ்தவர்கள் நாங்கள் பதினொரு குடும்பம். அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருந்த சின்னத் தேவாலயத்தின் பின்னறையை வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எங்களுக்கு விட்டிருந்தார்கள். வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் அரைநாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமையை நம்ப முடியாது; வீட்டு எசமானியான சினியோரா விருந்து வைத்தால் ஆராதனையாவது ஒன்றாவது.

அந்த அறையில் நான்தான் பிரசங்கம். ஊரில் உபதேசியாராக இருந்தவன், இரண்டு வருட இறையியல் டிப்ளோமா வேறு. இரவில் உணவகத்தில் கோப்பை கழுவினாலும் வியாழன் பின்னேரம் நான் 'உபதேசியார் ஐயா'. மனைவி ஊரில் பட்டதாரி ஆசிரியை. இங்கே லிபெர்த்தா வீதியில் ஒரு சினியோராவின் வீட்டில் காலையிலிருந்து மூன்று மணி வரை வேலை. கூட்டத்தில் கதிரை அடுக்குவாள், பாட்டுத் தொடங்குவாள், தேத்தண்ணி ஊற்றுவாள். அவள் செய்வது அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழன் அந்தத் தேவாலயத்து இத்தாலியப் போதகர் வந்து ஒரு செய்தி சொன்னார். ரோமில் ஓர் இறையியல் கல்லூரியில், வேலை செய்துகொண்டே சபை நடத்துகிறவர்களுக்கென்று பகுதிநேர முதுகலைப் படிப்பு தொடங்குகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில், தபாலில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு நாள் நேரில் போனால் போதும். எங்களைப் போன்ற சபைக்கு ஓர் இடம் இருக்கிறது.

சபை நடத்துகிறவர் என்றதும் நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, அடுப்பில் சோற்றைக் கிண்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே மனைவி சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் படிப்புக்கு என்னை எடுத்திருக்கினம். பட்டம் இருக்கிற ஆள்தான் வேணுமாம்."

"ஓ, பட்டமோ" என்றேன். "அப்ப நீர்தான் போகவேணும்."

பட்டம் என்ற அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடதாசி இருந்ததால் அவள். அந்தக் கடதாசி என்னிடம் இருந்திருந்தால் நான். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் விளக்கம் கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன்.

பாடங்கள் வந்தன. அவள் பஸ்ஸில் படித்தாள், வெங்காயம் உரித்துக்கொண்டு படித்தாள். நான் பார்க்காதமாதிரிப் பார்ப்பேன். ஒருநாள் அவள் ஒரு பக்கத்தைக் காட்டி, "இது நல்லாயிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். "உதெல்லாம் நான் டிப்ளோமாவிலையே படிச்சிட்டன்" என்றேன். படித்திருக்கவில்லை. அவள் வேலைக்குப் போனபிறகு அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். நல்லாத்தான் இருந்தது, கோதாரி.

அடுத்த வியாழன் எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் வேதப்பகுதியை அவள் விளக்கினாள். பத்து நிமிடம்தான். முடிந்ததும் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். வெளியே வாசலில் நின்றும் கேட்டார்கள். ஐந்து வருடம் பிரசங்கம் செய்திருக்கிறேன், என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் பிரசங்கம் தெளிவாக இருப்பதால்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நாலு நாள் போகவேண்டி வந்தால், தன் இடத்துக்குத் தன் ஆளையே விட்டுவிட்டுப் போகவேண்டும். புருசன், பெண்சாதி, தங்கச்சி, யாராவது. வெறுமனே விட்டால் சினியோரா வேறு ஆளைப் பிடித்துவிடுவா, இடம் போய்விடும். அப்படி, மனைவி முதல் தடவை ரோமுக்குப் போனபோது லிபெர்த்தா வீட்டுக்கு நான் போனேன். அவள் அங்கே படிக்க, டிப்ளோமாக்காரனான நான் இங்கே தலையணை உறைகளை அயன் பண்ணினேன்.

சினியோரா நல்ல மனுசி. கதிரையில் இருந்தபடி, "உங்கள் மனைவி அயன் பண்ணும்போது பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் வீடு உயிரோடு இருக்கும்" என்றா. நான் அயன்பெட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

இரண்டாம் நாள் தூசித்துணி தேடிக் குசினி மேசை லாச்சியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் மனைவியின் பாடக் கொப்பி இருந்தது. கொப்பிக்குள் ஒரு கடிதம். இத்தாலியப் போதகர் அவளுக்கு எழுதியது, நாலே நாலு வரி. எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி அதை வாசிக்கப் போதும். முதல் வரியில் என்னைப் பற்றி ஏதோ இருந்தது. கண் அதில் நிற்கவில்லை, ஏனென்றால் அடுத்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. பட்டம் இல்லாதவர்களையும் சபை பரிந்துரைத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்கடுத்த வரி: மற்றப் பத்துக் குடும்பங்களையும் தனித்தனியாகக் கேட்டேன், பத்துப் பேரும் உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள்.

பத்துப் பேரும். ஒருவராவது மாறிச் சொல்லியிருக்கக்கூடாதா?

கடிதத்தை இருந்தபடியே வைத்தேன். வீட்டில் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு வியாழக்கிழமைகள் எனக்கு நரகம். பிரசங்கம் செய்யும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன்: நீயும்தானே, நீயும்தானே. முன்வரிசையில் இருக்கும் ஒரு மனுசியின் புருசன் போன மாரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்து நாளும் வேலை முடிந்து என் மனைவிதான் கஞ்சி கொண்டுபோனாள். ஏன், நான் ஜெபிக்கவில்லையா? பெயர் சொல்லி ஜெபித்தேனே.

முதல் வருடம் முடியும்போது கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. மாணவரோடு சேர்ந்து சபையில் ஊழியம் செய்கிற ஒருவர் அதை நிரப்பி, உறையை ஒட்டி அனுப்பவேண்டும். எங்கள் சபையில் அந்த ஒருவர் நான்தான். ஐந்து கேள்விகள். நாலாவது, இந்த மாணவர் தொடர்ந்து இரண்டாம் வருடம் படிப்பது இப்போது உகந்ததா, இல்லையென்றால் ஏன்.

மற்றக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வரி எழுதினேன். நாலாவதுக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க எழுதினேன். மிகுந்த ஜெபத்தோடு இதை எழுதுகிறேன் என்று தொடங்கினேன். படிப்பு வந்தபின் இவரிடம் தாழ்மை குறைந்திருக்கிறது, சபையின் நன்மைக்காகவும் குடும்பத்தின் நன்மைக்காகவும் இவரை ஒரு வருடம் நிறுத்திவைப்பது நல்லது என்று முடித்தேன். ஜெபம் செய்யவே இல்லை.

மனைவி கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குடுங்கோ, நான் போற வழியிலை தபாலிலை போட்டுவிடுறன்."

கொடுத்தேன். என்ன எழுதினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பறித்துக் கிழித்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

இரண்டு கிழமை கழித்து வந்த நாலு நாளும் வழக்கம்போல அவள் ரோமில், நான் லிபெர்த்தாவில். அவள் திரும்பிய காலை ஸ்டேசனுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்தோம். சந்தைக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. அவள் கத்தரிக்காய் விலை கேட்டாள், வாங்கவில்லை. பிறகுதான் சொன்னாள்.

"நீங்கள் எழுதினதை எனக்கு முன்னாலை வைச்சு வாசிச்சவை. அங்கை அதுதான் வழக்கமாம். மாணவருக்குத் தெரியாமல் ஒண்டும் வைக்கமாட்டினமாம்."

"நாலாவதையுமோ?" என்றேன்.

"ஓம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எழுதினவருக்கு என்னை நல்லாத் தெரியும், அவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டன். ஒரு வருசம் நிக்கிறன் எண்டும் சொல்லிப்போட்டன்."

நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். அவள் தொடர்ந்தாள்.

"ஆனா இடத்தைச் சும்மா விடேலாதெல்லே, போயிடும். அதாலை, இந்த வருசம் என்ரை இடத்துக்கு என்ரை அவர் வருவார், டிப்ளோமா செய்தவர், என்னைவிட அனுபவம் எண்டு கேட்டன். அவை சிரிச்சுப்போட்டினம். படிப்பிலை அப்பிடி ஆள் மாறி வரேலாதாம். எனக்கு அது தெரியாமல் போச்சு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாளா என்று ஒவ்வொரு மூலையாகத் தேடினேன். இல்லை. நாலு நாள் பயணக் களைப்பும், கேட்டுக் கிடைக்கவில்லையே என்ற சின்ன வெட்கமும்தான் இருந்தன. சினியோராவின் வீட்டு வேலையைப் போலத்தான் கல்லூரி இடமும் என்று நினைத்திருக்கிறாள். அதை எனக்காகப் பிடித்துவைக்கப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் அந்தக் கடிதத்தின் முதல் வரி எனக்கு ஞாபகம் வந்தது. கண் நிற்காமல் போன அதே வரி. உங்களுக்குப் பதிலாக உங்கள் கணவரை அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள், என்றுதான் போதகர் தொடங்கியிருந்தார். அதற்கு முன்னமேயே அவள் கேட்டிருக்கிறாள். கிடைக்கவில்லை என்றதும், பட்டம் என்று ஒரு காரணத்தைச் சொல்லி என் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு ஏன் சொன்னாள் என்றும் விளங்கியது. அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அன்றைக்கே கல்லூரிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். நாலாம் கேள்விக்கு நான் எழுதியதைத் தள்ளிவிடுங்கள், அதைப் பொறாமையில் எழுதினேன். பொறாமைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அகராதி பார்க்கவேண்டியிருக்கவில்லை. நானே தபாலகத்துக்குப் போய்ப் போட்டேன். அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தையும் அவளுக்கு முன்னால் வைத்து வாசித்திருப்பார்கள். அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பட்டம் கொடுக்கிற நாளுக்கு நான் ரோமுக்குப் போகவில்லை. அன்றைக்கு லிபெர்த்தா வீட்டில் இருபது பேருக்கு விருந்து. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்தக் கறுப்பு அங்கியை அவள் போட்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. மேசைவிரிப்புகளை ஒவ்வொன்றாக அயன் பண்ணி மடித்தேன். சினியோரா வந்து, இன்றைக்கு உங்கள் மனைவி எங்கே என்று கேட்டா. பட்டம் வாங்கப் போயிருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்றா.

அவள் இடம் போய்விடக்கூடாது, அதுதான் நான் வந்தேன் என்றேன்.