இரண்டு இழுப்பு

நடந்ததைத்தான் சொல்கிறேன். பேய் என்றால் இரவில்தான் வரவேண்டும் என்று நினைப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மூன்று பத்துக்கு.

1975 ஜனவரி. சிட்னிப் பக்கம் பரமட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு உதவியாளர் வேலை. ஒன்பதாம் அறையில் டாசன் என்றொரு வெள்ளைக்காரக் கிழவர். நாள் தவறாமல் மூன்று பத்துக்குக் கட்டில் ஓரத்து மணிக் கயிற்றை இரண்டு தரம் இழுப்பார். வேலையாட்கள் இருக்கும் எங்கள் அறையில் மணி இரண்டு தரம் அடிக்கும். விழுந்தடித்து ஓடினால், "உனக்குக் கேட்டதா?" என்பார். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காரணத்தைச் சொன்னார். 1925இல், இளம் வயதில், கூலிக்குச் சண்டை போடச் சீனா போனவராம். அங்கே சொந்தப் படை வைத்து ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தளபதியிடம் பிரான்சில் செய்த குண்டு விமானங்கள் இருந்தன. முன்னால் சீன விமானி, பின்னால் இவர். குண்டைக் கையால் தூக்கிப் போடவேண்டும். இயந்திர இரைச்சலில் பேச முடியாது. அதனால் விமானியின் கையிலிருந்து இவருடைய இடது மணிக்கட்டுக்கு ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால், போடு. இரண்டு என்றால், போடாதே.

"அன்று மூன்று பத்துக்குக் கீழே சந்தை. இரண்டு தரம் இழுத்தான். எனக்குத் தெரிந்தது. தூக்கிய குண்டைத் திருப்பி வைக்கப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. போட்டுவிட்டேன். இறங்கிய பிறகு, கயிறு இழுபடவே இல்லை என்றேன்."

சொல்லிவிட்டு அழுதார். நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி நான்கு, சனிக்கிழமை. ரேடியோவில் கிரிக்கெட். தாதி யோகா எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சரியாக 3.10. மணி... இரண்டு தரம்.

நான் எழும்பவில்லை. ரேடியோவைக் கூட்டி வைத்தேன். யோகா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

3.14. மறுபடியும் இரண்டு.

"விசர்க் கிழவன்," என்றேன்.

3.40க்குத்தான் போனேன். கட்டிலில் பாதி, நிலத்தில் பாதியாகக் கிடந்தார். இடது கை நீட்டியபடி. உயிர் இல்லை; உடம்பில் சூடு மட்டும் ஆறவில்லை.

"மணி அடிக்கவே இல்லை," என்று தலைமைத் தாதி மேட்ரனிடம் சொன்னேன். யோகாவும் அதையே சொன்னார். எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஐயோ, அந்த மனிதர் சொன்ன அதே பொய்யையல்லவா நானும் சொல்லிவிட்டேன்!

திங்கட்கிழமை அந்த அறையைத் துப்புரவாக்கப் போனேன். 3.09. யன்னல் பூட்டியிருந்தது. திரைச்சீலை மட்டும் படபடவென்று அடித்தது...

தூரத்தில் ஓர் இரைச்சல். ட்ர்ர்ர்ர்... கிட்ட வந்தது. கூரைக்கு மேலே அல்ல... அறைக்குள்ளே.

3.10.

என் இடது மணிக்கட்டில் ஏதோ இறுகியது.

ஒரு இழுப்பு...

இரண்டு...

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகக் கயிற்றுத் தடம்.

"என்ன கணேசலிங்கம் அண்ணை, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்றார் யோகா.

"நான் மேட்ரனிட்டை உண்மையைச் சொல்லப் போறன். சனிக்கிழமை மணி அடிச்சது. நீர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் ஏன் பொய் சொல்ல? மணி அடிக்கேல்லைத்தானே. நீங்கள் ஏன் சும்மா ரேடியோவைக் கூட்டினனீங்கள் எண்டு நானும் யோசிச்சனான்."

நான் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை பெயின்ற் அடிக்க வந்தவங்கள் ஒன்பதாம் அறை மணி வயரைக் கழட்டிப்போட்டுத் திருப்பிப் பூட்டேல்லையாம். இண்டைக்குக் காலமைதான் கண்டுபிடிச்சவை. பாவம், அந்த மனுசன் இழுத்திருந்தாலும் ஆருக்குக் கேட்டிருக்கும்?"

எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்.

மேட்ரனிடம் நான் போகவில்லை.