இரும்பு மாஸ்டர்

போன கிழமை உதிரிப்பாகக் கடையில், "இரும்பு மாஸ்டர் ஒண்டு வேணும்" என்று என் வாயில் வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் நின்ற பிள்ளை சிரித்தாள். "அதென்ன அங்கிள் இரும்பு மாஸ்டர்? பிரேக் மாஸ்டர்தானே?"

ஓம் என்று தலையாட்டி வாங்கிவந்தேன். விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் நான் கதைப்பதில்லை. உங்களிடம் என்றால் சொல்லலாம்.

வீட்டில் பிரேக் ஒயில் போத்தலைத் திறந்தேன். புளித்த சீனிப்பாணியின் மணம். அந்த மணம் வந்தால் எனக்குக் காத்தான்குடியில் ராசிக் காக்காவின் கராஜ் வந்துவிடும். அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிட்ட அவரிடம் நான் தொழில் பழகிய இடம். அங்கே நின்ற வெளிர்பச்சை மொரிஸ் மைனர் காரும் கூடவே வரும்.

அது கல்லடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. எங்கள் பக்கத்தில் அப்போது ஆண் ஆசிரியர் என்றால் மாஸ்டர்தான். அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கே தெரியாது. ஐந்தாம் வகுப்பில் என்னைப் படிப்பித்தவர். அதற்கு மேல் நான் படிக்காதது அவருடைய குற்றமல்ல.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கார் முற்றத்தில் நின்றது. எஞ்சினை ஒருவாறு எழுப்பிவிட்டோம். பிரேக் எழும்பவில்லை. மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் உருளையைத்தான் மாஸ்டர் என்போம். அந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே மாஸ்டர், ஒரே வழி. அதுவும் ஓட்டுபவரின் காலுக்குக் கீழே, தரைத்தகட்டுக்கு அடியில். உப்புத் தண்ணீர் உள்ளே போய், இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கும் என்றாகிவிட்டது. அந்தக் காரில்தான் மாஸ்டர் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார். சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம். பாலத்தடி ஆமிச் சென்றியில் வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. அதில் வண்டி நிற்க வேண்டும். நிற்காத வண்டிக்காரர் பிறகு இருந்து காரணம் சொல்ல முடியாது.

ஒருநாள் நோவோடு ஒரு பெண் பின்சீற்றில் இருக்க, கார் கோட்டைத் தாண்டி உருண்டுவிட்டது. துப்பாக்கி நிமிர்ந்து, தெரிந்த முகம் என்றபடியால் தாழ்ந்தது. மறுநாள் காலையில் கார் கராஜில் நின்றது.

"மாஸ்டர், இதக் கழுவித் துடைச்சிப் பிரயோசனமில்ல" என்றார் ராசிக் காக்கா. "ஜப்பான் வேன்ட டபுள் மாஸ்டர் ஒண்டு இரிக்கி. ஒரு பக்கம் போனாலும் மத்தப் பக்கம் பிடிக்கும்."

"நாலு பேர அடக்க ஒரு மாஸ்டருக்கு ஏலாட்டி, ரெண்டு பேரப் போடத்தானே வேணும்" என்றுவிட்டு மாஸ்டர் பக்கத்துச் சலூனுக்குச் சவரம் செய்யப் போனார்.

வேலை முடியப் பின்னேரமாகும் என்று மாஸ்டர் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசி என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ராசிக் காக்காவே அடுத்த கடைக்குப் போனார். அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது.

"டீச்சர்! மாஸ்டர்ர கத முடிஞ்சி டீச்சர்! இனி ஒண்டும் செய்யேலா! பயப்பிடாதீங்க, வேற மாஸ்டர் பாத்து வெச்சிரிக்கன்!"

அந்த நாளில் தொலைபேசி அனேகமாக ஒரே வகைச் செய்தியைத்தான் கொண்டுவரும். கொஞ்ச நேரத்தில் ஓட்டோ ஒன்று கராஜ் வாசலில் நின்றது. மாஸ்டரின் மனைவி டீச்சரும் அயல் பெண்கள் இருவரும் ஒப்பாரியோடு இறங்கினார்கள். சத்தம் கேட்டு மாஸ்டர் சலூனிலிருந்து ஓடிவந்தார், ஒரு கன்னம் மழித்தும் மற்றக் கன்னம் நுரையுமாக. டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணைத் துடைக்காமலே ராசிக் காக்காவின் பக்கம் திரும்பினார்.

"அதுக்குள்ள எனக்கு வேற மாஸ்டரும் பாத்தித்தியா, ராசிக்?"

"அல்லாவே! டீச்சர், நான் சொன்னது இரும்பு மாஸ்டர். இவர் மனிசன் மாஸ்டர்."

"இனிமே ரெண்டயும் பிரிச்சிச் சொல்லு" என்றார் டீச்சர், வகுப்பில் திருத்துவது போல. அன்றிலிருந்து எங்கள் கராஜில் அப்படித்தான்.

புது மாஸ்டரை எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஏற்றினோம். மிதிக்கு ஒரு கம்பி வளைத்துக் கொடுத்தோம். பிரேக் குழாய்களில் நின்ற காற்றை எடுத்து முடிய வெயில் சரிந்துவிட்டது. டீச்சர் ஓட்டோவில் திரும்பிப் போகவில்லை. காரின் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாலத்தடியில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்றார் மாஸ்டர். நான் பின்னால்.

மாஸ்டர் பழக்க தோஷத்தில் தூரத்திலேயே மிதித்தார். ஒரே மிதி. கோட்டுக்கு எவ்வளவோ முன்னால் கார் அப்படியே நின்றுவிட்டது. இதுவும் பிழைதான். சென்றியில் நின்றவர் எங்களை உற்றுப் பார்த்து, வா வா என்று கையைக் காட்டினார்.

"கொஞ்சம் கிட்டப் போங்க மாஸ்டர்" என்றார் டீச்சர் மெதுவாக. அவரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சண்டை முடிந்தது. சென்றி போய்விட்டது, கோடும் போய்விட்டது. பக்கத்தில் அகலமாகப் புதுப் பாலம். மொரிஸைக் கொழும்பு ஆள் ஒருவர் வாங்கிப்போனார். எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்று சொன்னவர். ஒற்றை மாஸ்டரைத் திரும்ப மாட்டியிருப்பார். சில வருடம் கழித்து ஒரு காலையில் ராசிக் காக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மனே, மனிசன் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். நான் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

இப்போது படிப்பிக்கிற ஆண்கள் எல்லாரையும் பிள்ளைகள் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை கேட்டது சரிதான். மாஸ்டர் என்றால் இன்று இரும்பு ஒன்றுதான். பிரித்துச் சொல்லத் தேவையில்லை.