எடம் இருக்குது

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இப்போதும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். கண்டக்டர்களோடு சண்டை போடுவதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். அதை அடக்கியவரும் ஒரு கண்டக்டர்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு என் காலை பஸ்ஸில் அவர்தான் வருவார். கால் வைக்க இடமில்லாமல் படியில் தொங்கும் எங்களைப் பார்த்து, "உள்ள வாங்க, எடம் இருக்குது" என்பார். "எங்கய்யா இருக்குது? உங்க தலை மேலயா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே விசில் ஊதிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு சண்டை போடலாம் போலிருக்கிறது.

ஒருநாள் அவரே நான் பிசியோதெரபி கொடுக்கும் வார்டுக்கு வந்து சேர்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் இரண்டே வார்த்தைதான் மிச்சம்.

"உங்க பேரு என்ன?" என்றார் டாக்டர்.

"போலாம் ரைட்."

"ஊரு?"

"போலாம் ரைட்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போக, வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்தம்மா தினமும் கால்மாட்டில் நின்றபடி, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பார். அதே பதில்தான் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியை ஆற்றுவார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடக்காட்டியும் பரவால்ல மேடம். என்னை அடையாளம் தெரியுதுன்னு தெரிஞ்சா போதும்." எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அவருடைய விசிலைக் கொண்டுவரச் சொன்னேன். அவரை உட்காரவைத்து இடது கையில் கொடுத்தேன். "தெனம் ரைட்டு ரைட்டுன்னு சொல்லிக்கினு இருந்தா ஆச்சா? வண்டிய எடுங்க!" என்று அதட்டினேன். காற்று கடைவாயில் ஒழுக ஒழுக ஊதினார். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் சும்மா இருப்பாரா? "யோவ் கண்டக்டரு, முண்டியம்பாக்கம் நிக்குமா?" என்று குரல் கொடுத்தார்.

கண்டக்டர் முறைத்தார். "நிக்காது."

மூன்றாவது வார்த்தை! வார்டு கைதட்டியது. எதிர்க்கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர் விக்கிரவாண்டிக்கு டிக்கெட் கேட்டார். நர்ஸ் ஊசியும் கையுமாக நின்று, கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டும் என்றார். கண்டக்டர், பஸ்ஸில் பார்ப்பது போலவே, நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். நர்ஸைத் தாண்டி, என்னைத் தாண்டி, அவர் பார்வை மனைவியிடம் வந்து நின்றது.

அந்த வார்டில் கூட இருப்பவர்களுக்கு ஸ்டூல் கிடையாது. சேர்த்த நாளிலிருந்து அந்தம்மா நின்றுகொண்டேதான் இருந்தார். அதை நான் கவனித்ததே இல்லை.

கண்டக்டர் இடது கையை ஊன்றினார். விளங்காத காலை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்தார். காலியான விரிப்பைத் தட்டினார்.

"உள்ள வா… எடம் இருக்குது."

ஒரு ஆள் படுக்கவே போதாத கட்டில் அது. அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தார். எங்கே இருக்குது இடம் என்று நான் கேட்கவில்லை.