லண்டன் மச்சாளின் ‘டா’

மச்சாளை நினைத்தால், அவள் முன்னால் மலைபோல் குவிந்திருந்த புட்டுத்தான் முதலில் என் கண்ணில் வருகிறது. அண்ணாவின் மனைவியை நாங்கள் மச்சாள் என்போம். இரண்டாயிரங்களின் நடுவில், கல்யாணம் முடிந்த கையோடு லண்டனிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தாள். அங்கே ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அம்மா அவளுக்கு முதற்சாப்பாடு பரிமாறினார். புட்டு, முட்டைப்பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. தட்டைப் பார்த்து அழகாகச் சிரித்து, “டா” என்றாள் மச்சாள். அம்மா இன்னொரு அகப்பை புட்டு வைத்தார். மறுபடி சிரிப்பு, மறுபடி “டா”. அம்மா இன்னுமொரு அகப்பை வைத்தார். மச்சாள் கொஞ்சம் வெளிறிப்போய் அந்தக் குவியலைப் பார்த்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் சாப்பிட்டு முடித்தாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “தாங்கோ மாமி எண்டு கேக்க ஆரும் பழக்கேல்லையோ? தா எண்டு கேக்கிறாள். நான் என்ன அவளுக்கு வேலைக்காரியோ?”

“லண்டனிலை வளந்த பிள்ளை, விடுங்கோ அம்மா” என்றேன்.

அம்மாவின் காதில் பிழையில்லை. மச்சாளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும்; ஆனால் வாயைத் திறந்தால் தகரம் எல்லாம் டகரமாக வந்து விழும். தண்ணி அவளுக்கு டண்ணி, தேங்காய் டேங்காய், தம்பி டம்பி. வந்த ஒரு வாரத்துக்குள் அம்மா அவளுடைய டகரங்களைத் தாமே திருத்திக் கேட்கப் பழகிவிட்டார். அதனால் அவள் ‘டா’ என்றதும் அம்மாவின் காதில் அது தானாகவே ‘தா’ என்று திருந்தி விழுந்தது. மரியாதையில்லாத, மொட்டையான ‘தா’. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அது நடந்தது. அம்மா கேட்டதைக் கொடுக்காமல் விடுகிறவரல்லர், மச்சாளும் கொடுத்ததை மறுக்கிறவளல்லள். மாமியார் வீட்டில் போட்டதை வேண்டாமென்று சொல்லக்கூடாது என்று அவளுடைய தாய் விமான நிலையத்தில் வைத்துப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தாராம்.

அவள் பேசிய இங்கிலிஷும் எங்கள் வீட்டில் தன் பங்குக்குக் கூத்தாடியது. அம்மா யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷை மறக்காமல் வைத்திருந்தவர். காலையில் மச்சாள் வேலைக்கு ஓடும் அவசரத்தில், “யு ஓல்ரைட், மாமி?” என்று கேட்பாள். லண்டனில் அதற்கு வணக்கம் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. திரும்பவும் “ஓல்ரைட்” என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அம்மாவோ, மருமகள் சுகம் விசாரிக்கிறாள் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கால் வலியில் தொடங்கிப் பிரஷர் வழியாகப் போன கிழமை வந்த தலைச்சுற்றுவரை விளக்குவார். ஒரு கை குளிர்ச்சட்டைக்குள்ளும் மறுகை வெளியிலுமாக மச்சாள் மரியாதையோடு நின்று கேட்பாள். பஸ் போய்விடும். ஒருநாள் களைத்து வந்தவள் ஒரு கப் தேநீருக்காகத் தன்னால் ‘மேர்டர்’ செய்ய முடியும் என்றாள். தேநீர் குடிக்க ஆசை என்பதைக் களைத்து வருகிற இங்கிலிஷ்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். கொலை என்ற சொல் கேட்டதும் அம்மா வெலவெலத்துப்போய்க் கேத்திலைப் போட ஓடினார். நாள்முழுக்க நின்று காய்ச்சிய ஒடியற்கூழை எப்படி என்று கேட்டதற்கு, “நொட் பாட்” என்று பதில் வந்தது. அது லண்டனில் பெரிய புகழ்ச்சி என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? “கூடாது எண்டு சொல்ல வெக்கப்பட்டுச் சொல்லுறாள்” என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் தீர்த்து வைத்திருக்க வேண்டிய அண்ணா வீட்டிலேயே இல்லை. அவனுக்கு மாலைநேர பஸ் ஓட்டம்; அவன் சாப்பாட்டு மேசையைக் கண்டதே குறைவு. எனக்கு நோர்வேப் பள்ளிக்கூடம் தந்த சுத்தமான, ஒன்றுக்கும் உதவாத இங்கிலிஷ். விஷயம் மெல்ல மெல்ல முற்றியது. கனடாவிலிருந்த பெரியம்மாவிடம் அம்மா தொலைபேசியில் மருமகளின் வாய்த்துடுக்கைப் பற்றி முறையிடத் தொடங்கினார். மச்சாளின் பாவாடைகள் ஒவ்வொன்றாக இடுப்பில் பூட்ட மறுத்தன. ஒருநாள் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்து அழுதாள். “உங்கட அம்மாக்கு என்னில விருப்பம் இல்லையா? எவ்வளவு சாப்பிட்டாலும் போட்டுக்கொண்டே இருக்கிறா. ஏன் என்னைப் பனிஷ் பண்ணுறா?” நீதானே தா, தா என்று கேட்கிறாய் என்று அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது? லண்டனுக்கே போய்விடலாம் என்று அண்ணாவிடம் கேட்டிருந்தாள். அவனும் அங்கே வேலை தேடத் தொடங்கியிருந்தான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணாவும் போய்விட்டால் என்னவாகும்? மச்சாளையும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வயதுக்காரிகள், அவள் வந்தபிறகுதான் அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் அப்போது ஸ்தூவ்னர் கடைத்தொகுதியில் ஒரு பேக்கரியில், எங்கள் பேச்சில் பாண் கடையில், வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து சேர்ந்து போகலாம் என்று மச்சாள் அங்கே வந்தாள். என்னோடு வேலை செய்த நோர்வேஜிய அம்மணி, அவளுக்குக் கறுவா பணிஸ் ஒன்றைப் பையில் போட்டு நீட்டினார். மச்சாள் வாங்கிக்கொண்டு தன் வழக்கமான சிரிப்போடு “டா” என்றாள். நோர்வேஜிய மொழியில் ‘தா’ என்றால் ‘எடு’ என்று பொருள். அம்மணி திகைத்துப்போய்ப் பையைத் திரும்ப எடுத்தார். உள்ளே பார்த்தார், முகர்ந்தார், வேறொரு பணிஸைப் போட்டு நீட்டினார். “டா.” அம்மணி அதையும் எடுத்துக்கொண்டார். இம்முறை இருந்ததிலேயே பெரிய பணிஸாகத் தேடிப் போட்டு நீட்டினார். “டா” என்றாள் மச்சாள்.

“என்னடி சொல்லுறாய் நீ?” என்று நான் நடுவில் புகுந்தேன்.

“டாங்க்ஸ் சொல்லுறன்! லண்டன்ல ‘டா’ எண்டா டாங்க்ஸ். எல்லாரும் அப்படிச் சொல்லுவினம்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பாண் வெட்டும் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழில் கொடு, நோர்வேஜிய மொழியில் எடு, லண்டனில் நன்றி. இந்தப் பாழாய்ப்போன ஒற்றை எழுத்தால்தான் அந்தப் பெண் மாதக்கணக்காகப் புட்டுத் தின்று அழுதிருக்கிறாள். நான் சொன்னதும் மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்திலேயே குந்திவிட்டாள். ஹவுகன்ஸ்டுவா பஸ்ஸில் வீடு சேரும்வரை ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியவில்லை. பார்த்தால் சிரிப்பு வெடித்தது. முன்னாலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நோர்வேக்காரர் பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால் எவ்வளவு சத்தமென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மச்சாள் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள். நான் நேரே சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் கதையைக் கொட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார், வேலைக்காரி என்ற மனக்குறை அன்றோடு தீரும் என்று நம்பினேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அவள் ஒருநாளும் என்னட்டைக் கேக்கேல்லையோ?”

“இல்லை அம்மா. பாவம், போட்டதையே திண்ண ஏலாமல் இருந்தவள்.”

“நீ பாண் கடையிலையே திண்டிட்டு வாறாய். கொண்ணன் பஸ்ஸுக்கையே சாப்பிடுறான். இவள் ஒருத்திதான் தா, தா எண்டு கேட்டவள். வாய்த்துடுக்கு எண்டு பேசினனான்தான். ஆனா காலமை எழும்பேக்கையே, இண்டைக்கு இவளுக்கு என்ன அவிப்பம் எண்டுதான் எனக்கு யோசினை வரும்.” அம்மா சட்டியை மூடினார். “சரி. இனி அளவாப் போடுறன்.”

முறைப்பாடு சொல்லிக்கொண்டே ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அண்ணாவுக்கும் அன்று விடுமுறை. அம்மா மச்சாளின் தட்டில் இடியப்பத்தை அளந்ததுபோல் வைத்தார், சொதி ஊற்றினார், சட்டியை மூடிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சாள் ‘டா’ என்று சொல்லவில்லை. “நன்றி மாமி” என்று எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு நால்வரும் சாப்பிடுகிற சத்தம்தான். அந்த வீட்டில் அவ்வளவு மரியாதையான சாப்பாட்டை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை, சகிக்கவில்லை.

மச்சாள் தட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும் என்று சொன்னேனல்லவா? நடையில் சப்பாத்துக் கழற்றியபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எழுந்துபோய் வெறுந்தட்டை அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

“மாமி, டா.”

அம்மா தட்டையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “இதென்ன பிள்ளை, நன்றியோ?”

“இல்லை மாமி. இது டமிழ் டா.”

அண்ணாதான் முதலில் சிரித்தான். அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியைத் திறந்தார்.

லண்டன் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த வருடம் அவர்கள் ஒஸ்லோவிலேயே, எல்லிங்ஸ்ருட்டில் வீடு வாங்கினார்கள். அம்மா என்னோடு இருப்பதா, அவர்களோடு போவதா என்று நாங்கள் கதைக்கத் தொடங்குமுன்பே சட்டிபானைகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் அவர் பெற்ற மகளுக்கு அளவாகத்தான் கிடைக்கிறது. கூடக் கேட்கலாம்தான். ஆனால் “தாங்கோ அம்மா” என்று நான் மரியாதையாகக் கேட்பதற்குள், சட்டி மச்சாளின் பக்கம் போய்விடுகிறது.