வாலின் சத்தத்துக்காக நிறுத்திய ட்ரம்

ஆம்பூரில் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று எவனும் சீந்தாத இடத்தை வாங்கி, மண் அடித்து, ஷெட் போட்டவன் நான். காயலான் கடை மோட்டாரை வைத்துத் தோல் பதனிடும் முதல் ட்ரம்மைச் சுற்றவிட்டவன் நான். என் கையெழுத்தைப் பார்த்து பேங்க்காரன் சிரித்தான். அவன் கண் முன்னாலேயே இரண்டாவது ட்ரம், ஷெட்டுக்குப் பின்னால் மாடி வீடு, மகளுக்கு டாக்டர் பட்டம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

அந்தப் பட்டத்தில்தான் எனக்கு பேஜார். மகள் படித்தது பூமியின் வாலை. சூரியனிலிருந்து அடிக்கும் காற்று, பூமியைச் சுற்றியுள்ள காந்த மண்டலத்தை இரவுப் பக்கமாக வால் போல இழுத்துவிடுமாம். அதற்குள் போன விண்கலம் பிடித்த மின் அலைகளை இவள் கம்ப்யூட்டரில் சத்தமாக மாற்றினாள். கேட்டேன். தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரேயில் காற்று கசிகிற அதே உஸ். அந்த உஸ்ஸை நிறுத்த நான் மெக்கானிக்குக் கூலி கொடுக்கிறேன். அதைக் கேட்க இவளுக்கு உதவித்தொகை.

பட்டத்துக்கான கடைசி நேர்முகத் தேர்வு வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டர் வழியாக. நடுவில் ஷெட்டுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, ட்ரம்ம நிறுத்துப்பா. வால் சத்தத்தப் போட்டுக் காட்டுனேன். அடியில தொம்மு தொம்முன்னு வருதே, அது இன்னா அலைன்னு கேக்குறாங்க."

"நம்ம ட்ரம்முன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். நிறுத்திட்டு மறுபடி போடச் சொல்றாங்க."

தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு ஏறிக்கொண்டிருந்த நேரம். அப்போது ட்ரம் நின்றால் திட்டுத் திட்டாகக் கறை விழும். மேஸ்திரி என்னை முறைத்தார். "பூமிக்கு வால் இருக்குதுன்னு பாப்பா சொல்லுது. அதுக்குப் போய் ஒரு லோடு தோல பாழாக்குறீங்களே மொதலாளி."

நானேதான் சுவிட்சை அணைத்தேன். கேள்வி கேட்டவர்களுக்கு அன்று வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்று கால் கடுத்துப்போனது. அவள் தேறிவிட்டாள். தோல் தேறவில்லை. வாங்க வந்த வாணியம்பாடி பாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இன்னா, உங்க ட்ரம்முக்கு அம்மை போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு டீகூடக் குடிக்காமல் போனார்.

போன வாரம் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். பேராசிரியருக்கு நன்றி, விண்கலம் அனுப்பியவர்களுக்கு நன்றி, கூடப் படித்தவர்களுக்கு நன்றி. கடைசியாக, பெற்றோரின் பொறுமைக்கு நன்றி. பொறுமையா? என்னிடம் அது என்றைக்கு இருந்தது? என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

ஏடு இன்னும் பைண்டிங்குக்குப் போகவில்லை. அதனால் இங்கேயே எழுதிக் கேட்கிறேன். பொறுமையை அடித்துவிடு, மகளே. "வாலின் சத்தம் எல்லோருக்கும் கேட்பதற்காக, குரோம் ஏறும் நேரத்தில் என் அப்பா ட்ரம்மை நிறுத்தினார்" என்று போடு. உன் அம்மாவுக்கு வேண்டுமானால் தனியாக நன்றி சொல்லிக்கொள்.